ஏழாவது கட்டம்

“நான் உன்னைக் கண்காணிக்கல மங்கை. டாக்டர் சொன்னதை எழுதுறேன், அவ்வளவுதான். இதுக்கும் கோபப்பட்டா இதையும் எழுதத்தான் வேணும்.” இதையும் எழுதத்தான் வேணும். இதையும் எழுதத்தான் வேணுமாம். எழுதுங்கள், மகராசனாய் எழுதுங்கள், பேனா இருக்கிறது, அடிஸ்கேல் இருக்கிறது, ஃபிரிட்ஜ் கதவில் நாலு மூலைக்கும் காந்தம் வைத்து ஒட்டிய தாள் இருக்கிறது, முப்பத்திரண்டு வருஷம் பாய்லர் தொழிற்சாலையில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்து பற்றவைத்த இடத்திலெல்லாம் விரிசல் தேடின கண் இருக்கிறது, தேடுவதற்கு இப்போது நான் இருக்கிறேன். அப்படி என்ன சொல்லிவிட்டேன்? காபி கிடைக்குமா என்று கேட்டார் என் வீட்டுக்காரர். கையில் வேலையாக இருக்கிறேன் தெரியவில்லையா, அரை நிமிஷம் பொறுக்க முடியாதா, நான் என்ன உங்கள் ஆபீஸ் பியூனா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். மகள் ஓவியா அறைக்குள்ளிருந்து கதவைச் சாத்திக்கொள்கிற அளவுக்குச் சத்தம், அவ்வளவுதான். உடனே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, குனிந்து, கோபம் என்ற கட்டத்தில் பதினொன்று பத்து என்று மணி போட்டு, பக்கத்தில் ‘சாதாரணக் காரணம்’ என்று எழுதுகிறார். சாதாரணக் காரணமாம். காபி என்றால் சாதாரணம்தான், குடிப்பவருக்கு. தாளில் ஆறு கட்டம். கோபம். தூக்கம். சாப்பாடு. செலவு. இல்லாததைப் பார்த்தல். ஆறாவது ‘இதர’. இதர என்றால் என்ன என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், டாக்டர் அதைச் சொன்னபோது இருமினாரே அந்த இருமலுக்கும் தெரியும். இந்த மாத்திரையால் சிலருக்கு வேற ஆசைகளும் கூடலாம் சார், வெட்கப்படாம சொல்லணும் என்றார் டாக்டர் அல்லி. அதற்கு நேரே தினமும் ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’ என்று முத்துமுத்தாக எழுதி வைத்திருக்கிறார். ஒரு நாளாவது அது என் குறைதானா என்று யோசித்திருப்பாரா. சரி, அதை விடு. இது துவரை. இது கடலை. இது துவரை. இன்றைக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரி, டோக்கன் ஒன்பது, இந்தத் தாளை டாக்டர் கையில் கொடுக்க வேண்டும், பார்த்துவிட்டு மாத்திரை தொடரலாமா குறைக்கலாமா நிறுத்தலாமா என்று அவர் சொல்வார். அதற்குள் சமைக்க வேண்டும், குளிக்க வேண்டும், இன்னும் ஒன்று செய்ய வேண்டும், அதை இந்தக் கைப்பிடிப் பருப்பு முடிந்ததும் யோசிக்கலாம்.

எல்லாம் என் கால்களால் வந்தது. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ், சும்மா இருக்காத கால்கள், என்று டாக்டர் முதல் தடவை சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, வியாதிப் பெயர் மாதிரியா இருக்கிறது, சிஸ்டர் பெனடிக்டா வகுப்பில் என்னைத் திட்டுகிற மாதிரி அல்லவா இருக்கிறது. பதினோரு வருஷம். கெண்டைக்காலுக்குள்ளே, சதைக்கும் எலும்புக்கும் நடுவில் எங்கேயோ, கோலி சோடாவை உடைத்துவிட்ட மாதிரி ஒரு நுரைப்பு. வலி இல்லை. வலி என்றால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கலாமே, நாலு பேர் தைலம் தேய்க்க வருவார்களே. இது என்னவென்று சொல்ல வாயில் வார்த்தை இல்லாத ஒன்று, எனக்கே வார்த்தை இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தால் ஆரம்பிக்கும், படுத்தால் பொங்கும், எழுந்து நடந்தால் நிற்கும், மறுபடி உட்கார்ந்தால் நான் இன்னும் போகவில்லை என்று சொல்லும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஒரு நாற்காலியில் பத்து நிமிஷம் இருந்தவள் இல்லை நான். சென்னை பஸ்ஸில் சமயபுரம் தாண்டினதும் எழுந்து நின்றுவிட்டேன், விழுப்புரம் வரைக்கும் நின்றேன், கண்டக்டர் பொறுக்கமாட்டாமல் “ஏம்மா, காசு குடுத்து சீட்டு வாங்கிட்டு ஏம்மா கம்பியைப் பிடிச்சுத் தொங்குறீங்க, அந்த சீட்டை நான் விக்கவா?” என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. இவரும் சிரித்தார். இவர் கொழுந்தியாள் கல்யாணத்தில், அதாவது என் தங்கை கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில் நான் மண்டபத்துப் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நடந்துகொண்டிருந்தேன். அக்காவுக்குப் பொறாமை என்று யாரோ சொன்னார்களாம். இரும்புச்சத்து குறைவு என்று முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இரும்பு இருந்தது, தேவைக்கு மேலேயே இருந்தது, என்னைக் கட்டிக்கொண்டவரைக் கேட்டால் சொல்வார். அப்புறம்தான் இந்த மாத்திரை. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒன்று, பொட்டு அளவுகூட இருக்காது. முதல் வாரத்திலேயே நான் தூங்கினேன். தூக்கம் என்றால் என்னவென்று எனக்குப் பதினோரு வருஷம் கழித்துத் தெரிந்தது. காலையில் எழுந்தபோது வாசலில் பால் பாக்கெட் வந்து கிடந்தது, நான் தூங்குகிற நேரத்தில் உலகத்தில் ஒரு காரியம் நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். அழுதுவிட்டேன். அதையும் எழுதியிருப்பார், அன்றைக்குத் தாள் இருந்திருந்தால்.

இது பாசி. பாசி குட்டியாக இருக்கும், விரலில் பட்ட உடனே தெரியும், பார்க்கவே வேண்டாம். உளுந்து வெள்ளை, அதற்கும் கஷ்டம் இல்லை. துவரைக்கும் கடலைக்கும்தான் கண் வேண்டும், இரண்டும் மஞ்சள், இரண்டும் அரைவட்டம், ஆனால் கடலையின் முதுகு கொஞ்சம் தடித்து மேலே வரும், ஓரம் கொஞ்சம் சுருங்கியிருக்கும், துவரை சமர்த்தாக வழுவழு என்று இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவில் ஒரு உருட்டு உருட்டினால் எது எதுவென்று சொல்லிவிடுவேன். நாலு டம்ளர். ஒவ்வொன்றும் விழும்போது டக் என்று ஒரு சத்தம், அந்தச் சத்தம் காதில் விழாது, பின்னந்தலைக்குள் எங்கேயோ விழும், விழுந்ததும் அங்கே ஒரு சின்னச் சமாதானம், உடனே அடுத்தது வேண்டும். எப்படி ஆரம்பித்தது? எதிர் வீட்டு நசீமா ரேஷன் பருப்பை வைத்துக்கொண்டு, இவ்வளவு கல்லு அக்கா, எவ உட்கார்ந்து பொறுக்குவா என்றாள். குடு நசீமா, நான் சும்மாதானே இருக்கேன் என்றேன். மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டின அடுத்த வாரம் அது. இரண்டு கிலோ. ஒரே இருப்பில் முடித்தேன், மொட்டைமாடியில் போட்ட துணி மழையில் நனைந்தது, நான் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் நானே போய் அவள் வீட்டு மணியை அடித்து இன்னும் இருக்கா நசீமா என்று கேட்டேன். இருக்கா என்று கேட்டபோது என் குரல் எப்படி இருந்ததோ, அவள் பருப்பைக் கொடுக்காமல் என் முகத்தையே பார்த்தாள். அத்தோடு அவளிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன். நம் வீட்டுப் பருப்பு பாக்கெட் பருப்பு. பாக்கெட் பருப்பில் கல் ஏது, மண் ஏது, கண்ணாடி மாதிரி இருக்கும். அப்புறம் இந்தத் தாம்பாளத்தில் என்ன பொறுக்குகிறேன்? சொல்லட்டுமா? நானேதான் கொட்டினேன். துவரை, கடலை, பாசி, உளுந்து, நாலு பாக்கெட்டையும் நானே வெட்டி, நானே கொட்டி, என் இரண்டு கையாலும் நானே கலந்துவிட்டு, நானே பிரித்து, நாலு டம்ளரும் நிறைந்ததும் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தாம்பாளத்தில் கவிழ்க்கிறேன். ஆறு வாரமாக. போன மாதம் ஒரு நாள் ரோஷம் வந்து எல்லாவற்றையும் ஒன்றாக ஊறப்போட்டு அடைக்கு அரைத்துவிட்டேன், ஒழிந்தது சனியன் என்று. நல்லா இருக்கே அடை என்று இவர் ஐந்து சாப்பிட்டார். அடுத்த நாள் கடைக்குப் போய் நாலு பாக்கெட் வாங்கி வந்தேன். அந்த வாரத்தில் மூன்று நாள் அடை. சாப்பாடு என்ற கட்டத்தில் ‘நன்று’ என்று எழுதியிருக்கிறது, யார் சாப்பாட்டைச் சொல்கிறார் என்று தெரியவில்லை.

டாக்டர் சொன்னதை எழுதுறேன் அவ்வளவுதான். பொய். டாக்டர் சொன்னது ஆறு இல்லை, ஏழு. எனக்குக் காது நன்றாகக் கேட்கும், கால்தான் கோளாறு. அளவைக் கூட்டின அன்றைக்கு டாக்டர் அல்லி விரல்விட்டு எண்ணினார். “இந்த மாத்திரை மூளையில ஆசையைக் கிளப்புற இடத்தையும் தொடும் சார். சிலர் சூதாடியோ கண்டதையெல்லாம் வாங்கியோ காசைக் கரைப்பாங்க, சிலருக்குச் சாப்பாடு, சிலருக்குத் தூக்கம், சிலருக்கு எரிச்சல், சிலர் இல்லாததைப் பார்ப்பாங்க, சிலருக்கு வேற ஆசைகள். ஒரு சிலர் அர்த்தமே இல்லாம ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வாங்க, நிறுத்தச் சொன்னா கோபம் வரும். கூட இருக்கிறவங்கதான் கவனிக்கணும், ஏன்னா பல சமயம் அவங்களுக்கே தெரியாது.” இவர் சின்ன நோட்டில் ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தி, “ஒரே வேலையைத் திரும்பத் திரும்பன்னா... லேடீஸ் வேலையே அதானே டாக்டர்!” என்றார். டாக்டரும் சிரித்துவிட்டார், பாவம், அவரும் வீட்டுக்குப் போய்ச் சாதம் வைக்கிறவர்தானே. அந்த நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே வந்து அடுத்த பேஷண்ட்டுக்கு மயக்கம் என்றாள், நாங்கள் எழுந்துவிட்டோம். யார் ரொம்பச் சிரித்தது தெரியுமா? நான். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டபோது, ஏழு கட்டம் போட்டால் தாள் கொள்ளாது, அந்த ஏழாவது நம்ம வீட்டுக்கு எதுக்கு என்று அவரே விட்டுவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், ஆமாம் எதுக்கு என்றேன். பெருக்கின இடத்தைத் திரும்பப் பெருக்குகிறவள், கழுவின தட்டைத் திரும்பக் கழுவுகிறவள், இருபத்தேழு வருஷமாக அதே சட்டைக் காலரை அதே பிரஷ்ஷால் தேய்க்கிறவள், இவளிடம் போய் எதை என்று தனியாகக் கண்டுபிடிப்பது? அப்புறம் அந்த வார்த்தை. அவங்களுக்கே தெரியாது. அவங்களுக்கே தெரியாதாம். எனக்குத் தெரிகிறதே டாக்டர். நன்றாகத் தெரிகிறது, உங்களைப் பார்க்கிற மாதிரி தெரிகிறது, என் கை போய் டம்ளரைக் கவிழ்ப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், நிறுத்துடி என்று இங்கிலீஷிலும் தமிழிலும் சொல்கிறேன், அது கேட்கமாட்டேன் என்கிறது. தெரிந்தும் நிற்கவில்லை என்றால் அது எந்தக் கட்டம்?

இன்றைக்குக் காலையில் அவர் பல் தேய்க்கும்போது தாளை முழுசாகப் படித்தேன். கடைசியில், குறிப்பு என்று போட்டு, அடிக்கோடிட்டு, ‘வீட்டு வேலைகளில் ஆர்வம் கூடியுள்ளது, பொறுமையாக நீண்ட நேரம் அமர்ந்து வேலை செய்கிறார்’ என்று எழுதியிருக்கிறார். செய்கிறார் என்று மரியாதை வேறு. எனக்குப் பத்தாவது வகுப்பு ரிப்போர்ட் கார்டு ஞாபகம் வந்துவிட்டது, கணக்கில் தொண்ணூற்றொன்று, இங்கிலீஷில் எண்பத்தெட்டு, கீழே நடத்தை என்ற இடத்தில் சிஸ்டர் பெனடிக்டா சிவப்பு மையில், நாக்கைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். அப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நாக்கு, நாக்கு, எல்லோருக்கும் என் நாக்குதான் கண்ணில் படும், கையை யார் பார்த்தார்கள். ஆனால் ஒன்று. கஷ்டமாகத்தான் இருக்கிறது சொல்ல, இருந்தாலும் எனக்குள்தானே சொல்லிக்கொள்கிறேன். இவர் எழுதினது தப்பு இல்லை. கோபம் என்ற கட்டத்தில் இவர் போட்டிருக்கிற மணியெல்லாம் சரியான மணி. செவ்வாய்க்கிழமை பத்து நாற்பது. அன்றைக்கு நாளிதழை எங்கே வைத்தாய் என்று கேட்டார், நான் தாம்பாளத்தோடு இருந்தேன். புதன் மூன்று இருபது. கூரியர்க்காரனுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார், தாம்பாளம். வெள்ளி பன்னிரண்டு ஐந்து, தாம்பாளம். நான் அவர் மேல் கோபப்படவே இல்லை, ஒரு தடவைகூட இல்லை, என்னை அதிலிருந்து எழுப்பினவர் மேல் கோபப்பட்டேன், அது அவராக இருந்தது. இருபத்தேழு வருஷமாக இவரைக் காரணத்தோடு திட்டி வந்தவள், முதல் தடவையாகக் காரணம் இல்லாமல் திட்டுகிறேன், அதைச் சாதாரணக் காரணம் என்று எழுதிக்கொள்கிறார். இரும்புக் குழாயில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்து ஒரு லோடையே திருப்பி அனுப்பினவர் என்று ஆபீஸில் பெருமையாகச் சொல்வார்கள். ஒன்பது தடவை குறித்த மணியையும் ஒன்பது தாம்பாளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரியவில்லை. நீ சொல்லியிருக்கலாமே மங்கை? சொல்லியிருக்கலாம். சொன்னால் மாத்திரையை நிறுத்துவார்கள். நிறுத்தினால் பொங்கும். சும்மா பொங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும், நீங்களா நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மறுபடி கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடக்க வேண்டும், பதினோரு வருஷம் நடந்தது போதாதென்று இன்னும் எத்தனை வருஷம், எனக்கு ஐம்பத்துமூன்றுதான் ஆகிறது. காலா கையா, இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் யாரால் என்ன சொல்ல முடியும். வேறு மாத்திரை இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இது உளுந்து. இதுவும் உளுந்து. பார், இந்தப் பக்கம் எவ்வளவு பாசி ஒதுங்கியிருக்கிறது.

“ம்மா, லஞ்ச் எப்போ? எனக்கு ஒன்றரைக்கு மறுபடி ஆபீஸ் கால் இருக்கு.” ஓவியா. காதில் வெள்ளையாக அந்தப் பொத்தான்கள், இடுப்புக்கு மேலே ஆபீஸ் சட்டை, கீழே இரவு பேண்ட், சனிக்கிழமையும் வேலை வாங்குகிற கம்பெனி. “ஆகும்போது ஆகும், போடி” என்றேன். “ம்மா, அப்பா எழுதுவாரு” என்று கண்ணடித்துவிட்டு என் தோளுக்கு மேலே குனிந்து தாம்பாளத்தைப் பார்த்தாள். “சூப்பரா இருக்கும்மா, கலர் கலரா. போன தடவை வீடியோ போட்டேனே, நானூறு லைக்கு. எல்லாரும் உங்க அம்மா எவ்ளோ பொறுமைங்கிறாங்க. என் டீம்ல ஒருத்தி, ஆன்ட்டி கையைப் பார்த்தாலே டென்ஷன் போகுதுன்னா.” என் கையைப் பார்த்தால் டென்ஷன் போகிறதாம். “நீ இதைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருடி ஓவியா” என்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன், என்னையறியாமல். “பார்த்தேம்மா, நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு அடுப்படியில் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுப்படி. வியாழக்கிழமை அடுப்படியில் பால் வைத்திருந்தேன். யாருக்கும் தெரியாது இது. இவர் பென்ஷன் ஆபீஸ் போயிருந்தார், இவள் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் காலில் இருந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது, வழிந்ததை நான் பார்க்கவில்லை, வாசனைதான் வந்தது. முதலில் தீய்ந்த பால், அப்புறம் கேஸ். எனக்கு அது கேஸ் என்று தெரிந்தது. தெரியாமல் இல்லை. தெரிந்தது, எழுந்திரு என்று தோன்றியது, இந்தக் கைப்பிடி முடியட்டும் என்றும் தோன்றியது. முடித்தேன். அந்தக் கைப்பிடியை முழுசாக முடித்தேன் நான். பிரித்து, நாலு டம்ளரிலும் போட்டுவிட்டு, அப்புறம் எழுந்து போய்க் குமிழை மூடி, ஜன்னலைத் திறந்து, பால்கனிக் கதவைத் திறந்து, புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் என் பெண் யாரிடமோ இங்கிலீஷில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். எத்தனை பருப்பு இருந்திருக்கும் ஒரு கைப்பிடியில்? அத்தனை பருப்பு நேரம் அவள் உள்ளே இருந்தாள். அன்றிலிருந்து நான் பாலை மின்சார அடுப்பில் வைக்கிறேன், கேட்டால் கேஸ் விலை ஏறிவிட்டது என்கிறேன். செலவு என்ற கட்டத்தில் ‘சிக்கனம்’.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். டாக்டரிடம் இல்லை, அங்கே போனால் இவர் தாளை நீட்டுவார், டாக்டர் தாளைப் பார்ப்பார், குறிப்பைப் படித்துவிட்டுச் சிரிப்பார், நானும் சிரித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும், கான்வென்ட் சிரிப்பு, நாலு பேர் முன்னால் தானாக வந்துவிடும். இங்கேயே சொல்ல வேண்டும், புறப்படுகிறதற்கு முன்னால், இவரிடம். “ஏங்க.” தாளைக் காந்தத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார், மடிப்பு விழாமல் பிளாஸ்டிக் உறைக்குள் விட வேண்டுமாம். “ஏங்க, அதுல ஒன்னு விட்டுப்போச்சு.” “என்ன விட்டுப்போச்சு? இன்னிக்குக் காலைக் கோபம் வரைக்கும் ஏத்திட்டேனே.” “கோபம் இல்ல. டாக்டர் ஏழு சொன்னாங்க.” “ஆறும்மா. நோட்டு இருக்கு, காட்டட்டா?” “நோட்டுலயும் நீங்கதானே எழுதினீங்க!” சத்தம் போட்டுவிட்டேன். இவர் பேனா மூடியைத் திறந்தார், பாதியில் நிறுத்தி, வேண்டாம் என்று மூடினார். பெருந்தன்மை. “மங்கை, டாக்டர்கிட்டப் போறப்ப சண்டை வேணாம். தூங்குறியா, தூங்குற. உட்கார முடியுதா, முடியுது. இவ்ளோ நேரம் ஒரே இடத்துல நீ உட்கார்ந்து நான் கல்யாணமான நாளா பார்த்ததில்ல. எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா?” சொல்லிவிட்டுத் தாளை உறைக்குள் நுழைத்தார். அதுதான் கோளாறு, கெட்டவராக இருந்தால் தாம்பாளத்தைத் தூக்கி எறிந்திருப்பேன், இவர் நிஜமாகவே நிம்மதியாக இருக்கிறார். “நான் குளிச்சிட்டு வந்துடுறேன், நீ ஒரு ரசமாவது வெச்சுடு, மூணு மணிக்குக் கிளம்பணும்” என்று துண்டை எடுத்துக்கொண்டு போனார். தாழ்ப்பாள் சத்தம். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். ஓவியா அறையில், எஸ், எஸ், கேன் யூ ஹியர் மீ என்கிறாள். மணி ஒன்று நாற்பது. எழுந்திரு மங்கையர்க்கரசி. சாதம் வை. புளி கரை. எழுந்திருப்பதற்கு என்ன, கால் நன்றாக இருக்கிறது, பதினோரு வருஷத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை, தரையில் ஊன்றினால் எழுந்துவிடும். கைதான். நாலு டம்ளரும் நிறைந்துவிட்டது, முடிந்தது, அழகாக முடிந்திருக்கிறது, இப்படியே விட்டுவிடலாம், இப்படியே எடுத்துக்கொண்டுபோய் டப்பாவில் கொட்டி மூடலாம். துவரை டம்ளரை எடுத்தேன். கவிழ்க்கக் கூடாது. கடலை டம்ளரையும் எடுத்துவிட்டேன், எதற்கு எடுத்தேன். இரண்டும் தாம்பாளத்துக்கு மேலே சாய்ந்து நிற்கிறது, ஓரத்தில் இரண்டு பருப்பு விழுந்துவிட்டது, மஞ்சள் மேல் மஞ்சள், எது எது என்று பார்க்கத்தான் வேண்டும், பார்த்தால் போயிற்று. ஏங்க. தண்ணீர் சத்தத்தில் கேட்டிருக்காது. ஏங்க! ஓவியா! எஸ், எஸ், கோ அஹெட் என்கிறாள், என்னை இல்லை. விரல் வலிக்கிறது, டம்ளர் நழுவுகிறது. ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்களேன். திட்டமாட்டேன். சத்தியமா திட்டமாட்டேன். ஒன்னும் கேக்காதீங்க, ஒன்னும் எழுதாதீங்க, ஈரத்தோட வந்தாலும் பரவாயில்ல, வந்து என் ரெண்டு கையையும் கொஞ்சம் பிடிச்சுக்குங்களேன்.